கோரிக்கை மனு: மருந்து யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தாளர், இரண்டு கதிரைகள்

வேலணை,
2025.02.17

உயர்திரு சுகாதாரப் பணிப்பாளர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

ஐயா,

விடயம்: இரத்தம் கட்டாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுக்கும் நோயாளருக்காக கிளினிக்கல் பாமசிஸ்ட் (நோயாளரோடு இருந்து மருந்தைச் சரிபார்த்து விளக்கும் மருந்தாளர்) ஒருவரை நியமித்தல் (மூன்றாவது மனு)

இதே விடயமாக 2024 யூனிலும் ஒக்ரோபரிலும் தங்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருந்தேன். பதில் இல்லை. 31 வருடம் தபாற் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கடிதம் வழியில் தவறியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் கையொப்பம் வைத்த அட்டை திரும்பி வந்து என் லாச்சியில் கிடக்கிறது. ஆகவே மூன்றாவது தடவையாகவும் பணிவுடன் எழுதுகிறேன்.

1. என் மனைவிக்கு வயது 58. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி, 9 வருடத்துக்கு முன் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. அன்று தொட்டு ஒவ்வொரு இரவும் வோபரின். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்கு அவருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டி மூளைக்குப் போகும். கூடினால் உள்ளுக்குள் கசியும். இது தாங்கள் அறியாததல்ல.

2. கிளினிக் நாளில் விடிய ஐந்தரை பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறோம். இரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, டொக்டரைக் கண்டு, மருந்துக் கியூவுக்கு வரும்போது பதினொன்றரை பன்னிரண்டாகிவிடும். அந்த யன்னலையும் தாங்கள் அறிவீர்கள். கை மட்டும் போகும் அளவு ஓட்டை. உள்ளே நிற்பவரின் முகம் தெரியாது, மின்விசிறிச் சத்தத்தில் சொல்வதும் கேட்காது. பின்னால் நூறு பேர். உள்ளே நிற்பவர்களில் நான் குற்றம் காணவில்லை. அந்த இடத்தில் நான் நின்றாலும் உறையைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைத்தான் கூப்பிடுவேன்.

சென்ற வருடம் மே மாதம் நடந்தது இதுதான். அதுவரை 3 மில்லிகிராம் நீலக் குளிசை ஒன்றரை, அதாவது 4.5. அன்று ஐ.என்.ஆர். 2.1 என்று டொக்டர் அளவை 5 ஆக்கினார். யன்னலில் 5 மில்லிகிராம் ரோஸ் குளிசை வந்தது. உறையில் '1' என்று பேனையால் எழுதியிருந்தது. 9 வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை போட்ட கை. நிறம் மாறியதைக் கண்டு, கம்பனி மாறியிருக்கும் என்றுதான் நினைத்தோம். முன்பும் அப்படி மாறியதுண்டு. அவர் ஒன்றரையே போட்டார். ஏழரை மில்லிகிராம், பன்னிரண்டு இரவு.

பதின்மூன்றாம் நாள் காலை பல் விளக்கிய இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. மத்தியானம் சலம் தேயிலைச் சாயம் போல் போனது. பின்னேரம் வாட்டில் எடுத்துப் பார்த்தபோது ஐ.என்.ஆர். 7.8. விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். டொக்டர்மாருக்கும் மிஸ்ஸிமாருக்கும் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் ஐயா, "நிறம் மாறியிருக்கு, இனி ஒன்று மட்டும்" என்று யாராவது ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் இதெல்லாம் தேவையா?

3. வாட்டில் இருந்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளை ஒன்று பயிற்சிக்கு வந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இருந்துகொண்டு, "அம்மா வீட்டில எடுக்கிற எல்லா மருந்தையும் கொண்டு வாங்கோ ஐயா, கடையில வாங்கினதையும்" என்றது. அடுத்த நாள் பையோடு கொண்டுபோய்க் கட்டிலில் கொட்டினேன். முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்குளோபெனாக்கை எடுத்து அப்புறம் வைத்தது. வோபரினோடு அது குடலில் இரத்தம் கசிய வைக்குமாம். பல்லுக்கு மருந்து எடுக்கப் போனால் வோபரின் எடுப்பதை முதலில் சொல்லச் சொன்னது. பிளஜில் என்ற கிருமிக்கொல்லிக் குளிசை தந்தால் ஐ.என்.ஆர். ஏறிவிடுமாம். முருங்கையிலை கூடாது என்று யாரோ சொல்லி நாங்கள் கீரையையே அடியோடு விட்டிருந்தோம். விட வேண்டாம், கிழமைக்குக் கிழமை ஒரே அளவாகச் சாப்பிட்டால் சரி என்றது.

கடைசியில் கொப்பித்தாள் ஒன்றில் நீலக் குளிசை ஒன்றையும் ரோஸ் குளிசை ஒன்றையும் செலோரேப்பால் ஒட்டி, ரோஸின் கீழ் 'இரவு, ஒன்று' என்று எழுதி, நீலத்தின் மேல் சிவப்பில் ஒரு பெரிய புள்ளடி போட்டுத் தந்தது. அந்தத் தாள் இன்றைக்கும் எங்கள் அடுப்படிச் சுவரில் இருக்கிறது. இருபது நிமிடம் ஐயா. 9 வருடத்தில் யாரும் செய்யாத வேலை. அடுத்த கிழமை பயிற்சி முடிந்து பிள்ளை போய்விட்டது. அந்த ஸ்டூலுக்கு வேறு ஆள் வரவில்லை.

4. இது எங்கள் கற்பனை ஆசை அல்ல. இலங்கையிலேயே வாட்டுகளில் மருந்தாளரை வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. மருந்தால் வந்த சிக்கலோடு திரும்ப வாட்டுக்கு வருவோர் குறைந்தார்கள் என்கிறது. லண்டனில் இருக்கும் என் பெறாமகளிடம் கேட்டேன். அங்கே வாட்டில் மருந்தாளர் நோயாளியின் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாராம். தகுதி பெற்றவர்கள் 2006 முதல் தாங்களே மருந்து எழுதவும் செய்கிறார்கள். அவ்வளவுக்கு நாங்கள் கேட்கவில்லை.

5. கேட்பது என்ன? கட்டடமா? ஸ்கான் மெசினா? கிளினிக் நாளில் ஒரு மேசை, இரண்டு கதிரை, படித்த ஒரு மருந்தாளர். அளவோ நிறமோ மாறியவர்களை மட்டுமாவது யன்னலில் இருந்து அவரிடம் அனுப்பட்டும். வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிறவர்களையும் அவர் ஒருக்கால் பார்க்கட்டும். உறையில் தமிழில், பெரிய எழுத்தில், 'ஒன்று' என்று எழுதட்டும். '1' அல்ல, 'ஒன்று'.

6. செப்டெம்பர் 17 நோயாளர் பாதுகாப்பு நாள். 2022இல் அதன் தொனிப்பொருளே மருந்துப் பாதுகாப்புத்தான். அந்த ஒரு நாளோடு முடிகிற காரியமா இது? இங்கேயே பல்கலைக்கழகம் இந்தப் பிள்ளைகளைப் படிப்பித்துப் பட்டம் கொடுக்கிறது. இங்கேயே நோயாளர் இருக்கிறார்கள். நடுவில் ஒரு நியமனக் கடிதம்தான் இல்லை. ஆளணி இல்லை என்றால் இல்லை என்றாவது எழுதுங்கள், அதை வைத்து மேலே எங்கே எழுதுவது என்று பார்க்கிறேன். பதிலே இல்லாததை என்னவென்று எடுப்பது?

சொல் மீறியிருந்தால் மன்னிக்கவும். அந்த மருந்தாளரையும் அந்த இரண்டு கதிரையையும் தரும்படி மறுபடியும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர், வேலணை.

இணைப்பு: முந்திய இரண்டு மனுக்களினதும் அட்டைகளினதும் பிரதிகள், கிளினிக் கொப்பியின் மே மாதப் பக்கம், குளிசை ஒட்டிய தாளின் படம் (தாளைத் தர முடியாது, அது அடுப்படியில் தேவைப்படுகிறது).

பி.கு.: அடுத்த கிளினிக் மார்ச் 4, செவ்வாய். காலை எட்டு மணி தொடக்கம் அந்த யன்னலுக்கு முன்னால்தான் இருப்போம்.