பெரியப்பாவுக்கு, அந்தப் பாறைப் படத்தைப் பற்றி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பெரியம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலையா?

நார்வேயில் நான் எடுத்த படங்களை, அதிலும் மலைப் பாறை ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ படிக்கப் போனாளா, இல்ல மலையிலருந்து விழப் போனாளா?" என்று கேட்டீர்களாம். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நான் படித்த அதே பெர்கன் நகரத்தில் தங்கச்சியும் படிக்க ஆசைப்படுகிறாள், அவளை அனுப்ப முடியாது என்று என் படங்களைக் காட்டியே சொல்லிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நேரில் வந்து பேசினால் பாதியில் எழுந்து கருவாட்டுக் கிட்டங்கிக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்தாயிற்று, இதையும் எல்லோரும் படிக்கட்டும். இதே பேச்சு வேறு வீடுகளிலும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் அந்தப் பாறை. அதன் பெயர் ட்ரோல்துங்கா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். கீழே தெரியும் ஏரிக்கு மேலே ஏறத்தாழ 700 மீட்டரில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். படத்துக்கு வெளியே, திருச்செந்தூர் தரிசன வரிசை மாதிரி ஒரு கூட்டம் தன் முறைக்காகக் காத்து நிற்கிறது. கோடையில் அந்த ஒரு படத்துக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நிற்க நேரிடும். பாறை நல்ல அகலம். நான் விளிம்பில் இல்லை, நடுவில் இருக்கிறேன். பக்கவாட்டிலிருந்து எடுத்ததால் அப்படித் தெரிகிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015-ல் அங்கே ஒரு வெளிநாட்டு மாணவி விழுந்து இறந்துபோனாள். இது எங்களுக்கு முன்பே தெரியும், அதனால்தான் நடுவில் உட்கார்ந்தேன். உண்மையில் ஆளை வாட்டுவது பாறை இல்லை, நடைதான். ஷெக்கெடால் என்ற இடத்திலிருந்து போய்வர 27 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். முதல் தடவை போனபோது பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது. எங்கள் கூட்டத்தில் இருந்த நார்வேப் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், "திரும்பலாம்" என்றான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

அங்கே அது பெரிய விஷயமே இல்லை. மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் வைத்திருக்கிறார்கள். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்துபோன பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் மலையேற்றச் சங்கமும் சேர்ந்து பரப்பியவை. எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ, வானிலையைப் பார், வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துக்கொள், இப்படிப் போகும். எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. க்விக் லுன்ஷ் என்று ஒரு சாக்லேட் உண்டு, அதன் உறையின் உட்பக்கத்தில் இந்த விதிகளை அச்சடித்திருப்பார்கள். மலையில் உட்கார்ந்து சாக்லேட்டைப் பிரிக்கிறவன் கண்ணில் படாமல் போகாது. திரும்பி வந்த நாட்களின் படங்கள் எதையும் நான் குழுவில் போடவில்லை. போட என்ன இருக்கிறது, வெறும் வெள்ளை மூடுபனி. நீங்கள் பார்த்ததெல்லாம் வெயில் அடித்த நாட்கள் மட்டும்தான், பெரியப்பா. அந்த ஊரில் அது கொஞ்சம்.

பெர்கனில் வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை. நம்மூரில் தூறல் விழுந்தாலே களத்தில் காயும் மீனை அள்ளிக்கொண்டு ஓடுவோமே, அங்கே கருவாடு போட்டால் புழுதான் மிஞ்சும். வானிலையை முன்கூட்டிச் சொல்லும் இன்றைய முறை வளர்ந்ததும் அந்த ஊரில்தான். முதல் உலகப்போர் நடந்தபோது வெளிநாடுகளிலிருந்து வானிலைத் தகவல் வருவது நின்றுபோயிற்று. 1917-ல் பெர்கனுக்கு வந்த வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் என்ற விஞ்ஞானி, மேற்குக் கரை நெடுக வானத்தைக் கவனித்துத் தகவல் அனுப்ப ஆட்களை ஏற்பாடு செய்தார். மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் உதவத்தான் அந்த வேலை. நீங்கள் கச்சானா கொண்டலா என்று முகத்தில் படும் காற்றை வைத்துச் சொல்வீர்கள். அங்கே பல் விளக்குவதற்கு முன்பே போனில் மழை நிலவரம் பார்க்கிறார்கள். நானும் அந்தப் பழக்கத்தோடுதான் திரும்பியிருக்கிறேன்.

"ராத்திரி எங்க தங்குனா?" என்று அம்மாவிடம் விசாரித்ததும் தெரியும். சில இரவுகள் கூடாரத்தில். 1957-ல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. வேலி போட்ட வயல், வீட்டுத் தோட்டம் தவிர மற்ற வெளிநிலத்தில், அது யாருடைய நிலமாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் நடக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம், இரண்டு நாள்வரை யாரையும் கேட்க வேண்டாம். மற்ற இரவுகள் மலையேற்றச் சங்கத்தின் மரவீடுகளில். 1868-ல் தொடங்கிய சங்கம் அது, நாடு முழுக்க 500-க்கு மேல் இப்படி வீடுகள். நிறைய வீடுகளில் ஆளே இருக்க மாட்டார்கள். உறுப்பினர்களுக்கு ஒரு சாவி தருவார்கள், பூட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே சாவியால் திறக்கலாம். உள்ளே விறகு, போர்வை, சில வீடுகளில் அலமாரி நிறைய அரிசியும் பருப்பும் டின் மீனும்கூட இருக்கும். வேண்டியதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, எடுத்ததைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, பணத்தை அப்புறம் கட்டலாம். பார்க்க ஆள் கிடையாது. கடன் சிட்டையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் உங்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில்தான் படுத்தோம். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் வந்து சொல்ல வேண்டாம். நாள் முழுக்க நடந்த களைப்பில் எல்லோரும் குறட்டை விட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

செலவுக்குப் பணம் ஏது என்றும் கேட்டீர்களாம். வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். அப்பாவிடம் கேட்டு ஊர் சுற்றவில்லை.

சரி, இப்போது உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நார்வேயின் வடக்கே இருக்கும் லொஃபோட்டன் தீவுகள்.

மார்ச் கடைசியில் போனோம். த்ரோந்தைமிலிருந்து பூடோவுக்கு ரயில், 729 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்க. நடுவே ஆர்க்டிக் வட்டத்தை ரயில் தாண்டும்போது ஜன்னல் இரண்டு பக்கமும் பனிதான். பூடோவிலிருந்து கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்தக் கடல் எங்களைப் புரட்டி எடுத்துவிட்டது. தூத்துக்குடிக்காரி நான், எனக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். முதலில் வாந்தி எடுத்தது நான்தான்.

இறங்கிய இடமெல்லாம் கருவாடு, பெரியப்பா. ஆளைவிட உயரமான மரச்சட்டங்களில், வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, காட் மீனைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு சிட்டிகை உப்புக் கிடையாது. வெயிலும் இல்லை. வெறும் காற்றில் காய்கிறது! இந்த மீன்கள் பாரென்ட்ஸ் கடலிலிருந்து ஜனவரி முதல் ஏப்ரல்வரை முட்டையிட லொஃபோட்டன் பக்கம் வருகின்றன. பிடித்து, தலையை வெட்டி, குடல் எடுத்து, பிப்ரவரியிலிருந்து மே வரை தொங்கவிடுவார்கள். குளிர் அதிகமானால் மீன் உறைந்து சதை பிளந்துவிடும். வெப்பம் கூடினால் ஈ மொய்த்துவிடும். கடலில் வரும் வெந்நீரோட்டத்தால் அங்கே குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. அவ்வளவு வடக்கே வேறு இடங்களில் இப்படி அமைவது அபூர்வம். காய்ந்த பிறகு உள்ளே எடுத்து வைத்து இன்னும் சில மாதம் பதப்பட விடுவார்கள். ஐந்து கிலோ மீன் காய்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு வரும். கட்டைபோல இருக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஒரு கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வயதான மனிதர் ஒருவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு மீனையும் தூக்கி, வெளிச்சத்தில் புரட்டி, வயிற்றுப் பக்கத்தை முகர்ந்து, உடனே இந்தக் குவியல், அந்தக் குவியல் என்று போடுகிறார். இருபதுவரை தரங்கள் உண்டாம். நீங்கள் சிப்பத்துக்குள் கையை விட்டு நெத்திலியை அள்ளி முகர்ந்துவிட்டு விலை சொல்வீர்களே, அதே வேகம். எங்கள் வீட்டிலும் இதுதான் தொழில் என்று சொன்னேன். அதுவரை எங்களை நிமிர்ந்தே பார்க்காதவர், நீங்கள் எவ்வளவு உப்புப் போடுவீர்கள், எத்தனை நாளில் காயும், ஈயை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேள்விமேல் கேள்வி. மணலில் காயப்போடுவதும் உண்டு என்றேன். அவர் முகம் போன போக்கை விவரிக்க வேண்டாம், உங்களுக்குக் கோபம் வரும்.

நல்ல தரம் இத்தாலிக்குப் போகிறது. இதற்குப் பழைய கதை ஒன்று சொல்கிறார்கள். வெனிஸ் வியாபாரி பியெத்ரோ குவெரீனியின் கப்பல் 1431-ல் புயலில் சிக்கியது, தப்பியவர்கள் லொஃபோட்டனின் கடைசியில் இருக்கும் ரோஸ்ட் தீவுகளில் கரை ஒதுங்கினார்கள், மீனவர்கள் காப்பாற்றினார்கள், ஊருக்குத் திரும்பிய குவெரீனி இந்தக் கருவாட்டைப் பற்றி எழுதிவைத்தார். வெட்டிய தலைகளையும் வீணாக்குவதில்லை, அவற்றையும் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே குழம்பில் போடுகிறார்கள். மீன் நாக்கை வெட்டி விற்பது பள்ளிப் பிள்ளைகளின் வேலை, அந்தக் காசு அவர்களுக்கே. பெர்கன் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய மரவீடுகளும் இந்தக் கருவாட்டு வியாபாரத்தில் எழுந்தவைதான். நீங்கள் "பொம்மை வீடு மாதிரி இருக்கு" என்றீர்களே, அவை. ஜெர்மன் வணிகர்கள் 1360 வாக்கில் அங்கே கடை விரித்தார்கள், 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கருவாட்டுக் கிட்டங்கிக்கு உலக மரியாதை!

அங்கே ரெய்னபிரிங்கன் என்று ஒரு குன்று. ஆட்கள் ஏறி ஏறி மண் சரிந்து ஆபத்தாகிப் போனதால், நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை வரவழைத்துக் கல்படி கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போன சமயம் பனி மூடியிருந்தது. ஏறவில்லை, கீழிருந்து பார்த்ததோடு சரி. திரும்பும் வழியில் பூடோவுக்குப் பக்கத்தில் சால்ட்ஸ்ட்ரௌமன் என்ற கடல் இடுக்கைப் பார்த்தோம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் திசை மாறி அதற்குள் பாய்கிறது, அந்தச் சுழிகளை நம் கடலில் பார்க்க முடியாது. மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டருக்குள்தானே.

நம்மவர்கள் இல்லாத ஊர் என்றும் நினைக்க வேண்டாம். 1980-களில் ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்கள். பெர்கனில் எனக்குச் சோறு போட்ட அக்கா ஒருவரின் அப்பா அப்படி மீன் வெட்டியவர். நான் பாறையில் உட்கார்ந்ததைச் சாகசம் என்று சொன்னால் அவர் சிரிப்பார், சிரிக்கவும் செய்தார்.

படிப்பைக் கேட்டால், அதுவும் கடலில்தான். சால்மன் வளர்ப்புப் பண்ணைகளில் மீன்மேல் கடல்பேன் என்ற ஒட்டுண்ணி தொற்றிக்கொள்ளும், பண்ணைக்காரர்கள் அதை எண்ணி அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். முதுகலைப் படிப்பு என்று போய், ஜனவரிக் குளிரில் படகில் உட்கார்ந்து மீனுக்குப் பேன் பார்த்தேன். விரல் மரத்துப் போகும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது நவம்பர், டிசம்பர்தான். பிற்பகல் மூன்றரை, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மழை நிற்காது, அறையை விட்டு வெளியே வரப் பிடிக்காது. சக மாணவர்கள் கதவைத் தட்டி மலைக்கு இழுத்துக்கொண்டு போனதால்தான் அந்த மாதங்கள் கழிந்தன. தங்கச்சி போனால் மலையை நினைத்துக் கவலைப்படாதீர்கள், அவள் அறையிலேயே கிடக்கிறாளா என்று கவலைப்படுங்கள்.

அவளை அனுப்பாமல் இருக்க நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவே இல்லை. நான் 2021-ல் சேர்ந்தபோது அரசுப் பல்கலைக்கழகங்களில் யாருக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் புது மாணவர்கள் கட்ட வேண்டும், வருடத்துக்குப் பல லட்ச ரூபாய். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணத்தையும் விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும். இது உங்களுக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். அவள் சொல்லியிருக்க மாட்டாள், நீங்கள் உடனே மறுத்துவிடுவீர்கள் என்ற பயம்.

பணம் கட்டுப்படியாகாது என்றால் அதைச் சொல்லுங்கள், அவள் புரிந்துகொள்வாள். உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா, வேறு நாடு பார்க்கலாமா என்று நானும் அவளும் சேர்ந்து தேடுகிறோம். என் பாறைப் படத்தை மட்டும் காரணம் காட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி அடைப்புதானே? காலையில் வருகிறேன், கணக்கு நோட்டை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்