படச்சட்டத்தில் விட்டுப்போன எட்டுக் கோடுகள்

அன்புள்ள தாமஸ்,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். படச்சட்டக் கணக்கும் சபையின் 'பேராயர்' என்ற கருத்தும் ஒரே விதமாய் வளர்ந்தவை என்று நீ எழுதியதைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

படச்சட்டத்துக்கு முனை 16, விளிம்பு 24, முகம் 10; 16 − 24 + 10 = 2; ஆகவே எந்தப் பன்முகியிலும் (தட்டை முகங்களால் மூடிய கன உருவம்) முனை − விளிம்பு + முகம் = 2 என்று கணிதமேதை ஆய்லர் சொன்னது சட்டத்துக்கும் பொருந்தும் என்கிறாய். ஐசக் சார் இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார்! மேல்முகமும் அடிமுகமும் நடுவே ஓட்டை விழுந்த வளையங்கள்டா, அவற்றை ஒரே முகமாக எண்ணக்கூடாது. தச்சர் மூலையில் சாய்வாக அறுத்துச் சேர்ப்பாரே, அந்தக் கோடுகளை மேலே நான்கும் கீழே நான்கும் போடு. விளிம்பு 32, முகம் 16 ஆகும். விடை 0.

ஆய்லர் சொன்னதற்குக் கணிதர் கோஷி தந்த நிரூபணம் உடைவதும் இங்கேதான். ஒரு முகத்தைக் கழற்றிவிட்டு மீதியை ரப்பர்போல இழுத்து மேசைமேல் விரிக்கச் சொல்கிறார். கனசதுரம் விரியும், சட்டம் விரியாது. சட்டம் பன்முகியே அல்ல என்று தள்ளியிருக்கலாம். ஆனால் கணிதர் லுயிலியே 1813இல் துளையையும் கணக்கில் சேர்த்தார்: ஒவ்வொரு துளைக்கும் 2 குறையும். துளையே இல்லையென்றால் பழைய 2 அப்படியே நிற்கிறது, கவனித்தாயா?

இங்கிலாந்தின் இறையியலாளர் நியூமன் ஞாபகம் வந்தது அதனால்தான். 1845இல் ஆங்கிலிக்கன் சபையை விட்டுப் போகும் தறுவாயில், ஒரு போதனை வளர்ந்திருக்கிறதா கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஏழு அடையாளங்கள் எழுதினார். ஆறாவது, முந்தியதைக் காத்தபடி வளர்வது.

இதைப் 'பேராயர்' என்ற கருத்தில் வைத்துப் பார். ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1888இல் சபை ஐக்கியத்துக்கு வைத்த நான்கு அடிப்படைகளில் கடைசி, வரலாற்றுவழி வந்த பேராயர் பணி, இடத்துக்கேற்ற வடிவில். 1947 செப்டம்பர் 27, சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயர் தலையில் கைவைத்துப் பட்டம் கொடுக்காத மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் ஆயர்களும் மறுபடி குருப்பட்டம் பெறாமலே ஆயர்களாக ஏற்கப்பட்டார்கள். இனி வருகிறவர்களுக்கு மட்டும் பேராயரின் கைவைப்பு கட்டாயம். இரண்டு வகையினரும் சேர்ந்திருக்கும் இடைக்காலம் 30 ஆண்டு. பழைய விதியும் நின்றது, விதிவிலக்கும் வெளியே தள்ளப்படவில்லை.

ஆனால் இரண்டும் ஒரே வளர்ச்சிதான் என்று நீ எழுதியதை என்னால் ஒப்ப முடியவில்லை. படச்சட்டம் கோஷியின் நிரூபணத்தை எந்தப் படியில் தடுக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். 1948 லாம்பெத்திலோ, புதிய சபையில் பட்டம் பெற்றவர்களை ஏற்பதில்கூடப் பேராயர்கள் ஒருமனப்படவில்லை. எந்தப் படி உடைந்தது என்று காட்ட அங்கே யாரிடமும் மேசை இல்லை. தலைமுறைகள்தான் ஏற்றுக்கொண்டு காட்டவேண்டும். அந்த ஆயர்களின் பழைய பட்டம் முன்பே முழுமையாக இருந்ததா, ஐக்கியத்தால் முழுமையானதா? உன் பதில் எனக்கு வேண்டும். அட்டையில் சட்டம் வெட்டி, எட்டுக் கோட்டையும் போட்டு எண்ணிவிட்டு எழுது.

அன்புடன்,
ராஜன்