கூரையும் வகுப்பும்: திருப்பணிக் குழுவின் நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றக் கட்டடத்தின் மேல்தள மராமத்தும் வாசலில் சாய்தளம் கட்டும் வேலையும் முடிந்துவிட்டன. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைத் தனியே அனுப்பியிருக்கிறோம். அதிலுள்ள தொகைகளை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. கணக்கைப் பார்த்தால் தெரியாத சில விஷயங்களைச் சொல்லத்தான் இந்த அறிக்கை.

கோயிலுக்குச் சொல்லும் ‘திருப்பணி’ என்ற சொல்லை ஒரு கூரை மராமத்துக்கு ஏன் வைத்தீர்கள் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். பலர் கொடுத்து, பொதுவில் நடந்து, கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லும் வேலைக்கு நம்மிடம் இருக்கும் நல்ல சொல் அதுதான் என்று வைத்தோம். பிடிக்காதவர்கள் மராமத்து என்றே படித்துக்கொள்ளலாம்.

வாசகசாலையில் காரை பெயர்ந்து விழுந்தபோது மேல்பூச்சு மட்டும்தான் போயிற்று என்று நினைத்தோம். பொறியாளர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. மொட்டைமாடியில் தேங்கிய நீர் ஆண்டுக்கணக்கில் கசிந்து, உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. இரும்பைவிடத் துருவுக்குப் பருமன் அதிகம். அது உப்ப உப்ப, தன்னைப் போர்த்தியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். நாம் பார்த்த விரிசல் அப்படி வந்ததுதான்.

நீர் ஏன் தேங்கியது என்றால், வடிகால் வாய் அடைத்திருந்தது. அது ஏன் அடைத்தது என்றால், அதைச் சுத்தம் செய்ய ஆளுக்குக் கொடுக்கப் பணமில்லை. மன்றத்துக்கு நன்கொடை வராமல் இல்லை. புத்தகம் வாங்க வந்தது, தையல் இயந்திரத்துக்கு வந்தது, மாலை வகுப்புக்கு வந்தது. ஒவ்வொன்றும் நோக்கம் குறித்துக் கொடுத்த பணம், வேறொன்றுக்கு எடுக்கக்கூடாது. ‘எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று வந்த பணம் மின்கட்டணத்தோடு தீர்ந்துபோகும். வடிகால் வாயைச் சுத்தம் செய்யுங்கள் என்று நன்கொடை கொடுத்தவர் எவரும் இல்லை. கேட்க நமக்கும் தோன்றவில்லை.

வேலை நடந்த மாதங்களில் கூடத்துக்குள் யாரையும் விட முடியவில்லை. கான்கிரீட் முழு வலுவுக்கு வந்ததாகக் கொள்ள 28 நாள் வேண்டும். முதல் ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுதான் வரும். முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கச் சொல்லி அவசரப்படுத்தியவர்களில் எங்கள் செயலாளரும் ஒருவர். பொறியாளர் அசையவில்லை. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை 28 நாள் பொறுத்திருக்கச் சொல்ல முடியுமா? வகுப்பையும் முதியோர் கூடலையும் வாடகை அறைக்கு மாற்றினோம். வாசகசாலைப் புத்தகங்களை எட்டு வீடுகளில் பிரித்து வைத்தோம்.

அந்த வாடகையை யார் கொடுத்தது என்பதுதான் முக்கியம். திட்டத்துக்குப் பெரும்பங்கு தந்த நிதி, கட்டுமானச் செலவுக்கு மட்டுமானது. வாடகை அதில் சேராது. அதோடு, அந்த நிதியைத் தருபவர்கள் முன்பணம் தருவதில்லை. நாம் செலவழித்து ரசீது காட்டினால் பிறகு தருவார்கள். விதி அது, குறை சொல்லவில்லை. ஆனால் கையில் காசில்லாத அமைப்புக்கு அந்த இடைவெளிதான் கழுத்தை நெரிப்பது. வாடகையையும் ஆசிரியர்களின் மதிப்பூதியத்தையும் தாங்கியது, மாதாமாதம் சிறு தொகை அனுப்பும் உறுப்பினர்களின் பணம். தொகை சிறிதுதான். ஆனால் எந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்று தெரியும். அதை நம்பித்தான் வாடகைக்குப் பேச முடிந்தது.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பிக்கு உடனே பணம் கட்ட வேண்டியிருந்த ஒரு வாரத்தில், மாலை வகுப்புக்கென வந்த நிதியிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டோம். கட்டுமான நிதியின் தவணை வந்ததும் திருப்பிப் போட்டோம். ஒரு காசு குறையவில்லை. ஆனாலும் கொடுத்தவரைக் கேட்காமல் எடுத்தது தவறு. பொருளாளர் அதைக் குறிப்பேட்டில் எழுத வற்புறுத்தினார், எழுதினோம். கொடுத்தவரிடமும் நேரில் சொல்லிவிட்டோம். அதன்பின் ஏற்பட்ட பற்றாக்குறையை மூன்று உறுப்பினர்கள் வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். அந்தக் கைமாற்றும் தீர்ந்துவிட்டது.

பொருளாக வந்த நன்கொடை பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனதோடு வந்த பெயின்ட் டப்பாக்கள் மூன்று நிறத்தில் இருந்தன. எதுவும் ஒரு சுவருக்குப் போதவில்லை. பழைய கணினிகளைப் பழுதுபார்க்கக் கேட்ட கூலியில், பாதி வகுப்பறைக்கு விளக்கு போட்டிருக்கலாம். கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சாய்தளத்தில்தான் வாக்குவாதம் அதிகம். வாசல் மட்டம் தெருவைவிட 45 செ.மீ. உயரம். சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் துணையின்றி ஏற வேண்டுமானால், ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும், அதாவது 5.4 மீட்டர். மூன்று மீட்டரில் முடித்துவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். இடம் மிச்சம், செலவும் மிச்சம். அப்படிக் கட்டியிருந்தால் படம் எடுக்க அழகாக இருந்திருக்கும், யாரும் ஏற முடியாது. நடுவில் சமதளம் விட்டு மடக்கிக் கட்டினோம். கூடிய செலவை ஏற்றவர், சுவரில் தன் பெயர் பொறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களின் பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன, தொகை வரிசையில் அல்ல. இதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு என்பது தெரியும். மாற்றுவதாக இல்லை.

இனி, பொதுக்குழுவின் முன் வைக்கும் கோரிக்கை. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, வைக்க விரும்பியவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன கல்வெட்டுகள்: ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கில் தலை குறையக்கூடாது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கொடையில் 1883 முதல் 1929 வரை 2,509 நூலகங்கள் எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு, கட்டத் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நடத்தும் செலவுக்கு ஊர் ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாம் கூரைக்கு மட்டும் கேட்டோம், கூரை கிடைத்தது. அதைப் பராமரிக்கும் ஆளுக்குக் கேட்கவில்லை.

இனி வரும் ஒவ்வொரு கட்டட நன்கொடையிலும் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக் கணக்கில் சேர வேண்டும். அதைக் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழுவில் ஒருவர் இதை ஏற்கவில்லை. கொடுப்பவர்கள் பின்வாங்குவார்கள் என்பது அவர் கருத்து. அவரும் கூட்டத்தில் பேசுவார், கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

மாடியில் நீர் தேக்கி இரண்டு நாள் சோதித்தோம், கசிவில்லை. பின்பக்க வடிகுழாயின் முழங்கை இணைப்பில் மட்டும் இன்னும் சொட்டுகிறது. ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டியதில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தச் சொட்டு நின்று, ஒரு மழைக்காலமும் கடந்த பிறகே அதைக் கொடுப்போம். வடிகால் வாயைப் பார்க்க மாதம் ஒருவர் மாடிக்கு ஏற வேண்டும். பெயர் எழுதும் தாள் வாசகசாலைக் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் மூன்று மாதங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

— திருப்பணிக் குழு