முதல் தொகுப்பும் ராஜினாமாக் கடிதமும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் சிறுகதைத் தொகுப்பைப் போடப் பதிப்பகம் ஒப்புக்கொண்டதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் மின்னஞ்சலின் கடைசி வரியில், மார்ச்சோடு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதப்போவதாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் கணக்கைப் பார். பன்னிரண்டு கதை, டெமி அளவில் 160 பக்கம், விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம். பிரதிக்கு 20 ரூபாய். 300 பிரதி போனால் 6,000. இதுவும் அட்டை விலையில் கணக்குப் போட்டால்தான். கடைக்காரர் கழிவு போகப் பதிப்பாளர் கைக்கு வரும் தொகையில் பத்து சதவீதம் என்று சொல்பவர்களும் உண்டு. கழிவு 35 சதவீதம் என்றால் உன் பங்கு பிரதிக்கு 13 ரூபாய், மொத்தம் 3,900. புதியவரின் சிறுகதைத் தொகுப்பு 300 பிரதி விற்றாலே பதிப்பாளர் உனக்கு டீ வாங்கிக்கொடுப்பார். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் எண்ணிக்கை ஏறும். எப்போது வரும், எத்தனை பிரதிக்கு வரும் என்பது யார் கையிலும் இல்லை. அதை நம்பி வீட்டு வாடகைக்கு வாக்குக் கொடுக்காதே.

பெரிய எழுத்தாளர்களும் வேறு தொழில் பார்த்துக்கொண்டேதான் எழுதினார்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தார். வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறாய். சம்பளம் இல்லாதபோது தின்பது வேறு: முடியாத கதையை முடித்ததாக நினைத்து அனுப்பச் சொல்லும் அவசரம். அது வேலையைவிட மோசம்.

அடுத்து ஒப்பந்தம். "நமக்குள்ள எதுக்கு பேப்பர்" என்பார்கள். வேண்டும். பதிப்புரிமையை எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் சட்டப்படி செல்லும். எத்தனை வருடம் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்து வருடமாக எடுத்துக்கொள்ளும்; எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். ஆகவே நீ தேட வேண்டியது ஒரு வரியைத்தான்: "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக". அதை அடித்துவிட்டு, அச்சுப் புத்தகம் மட்டும், ஐந்து வருடம், அட்டை விலையில் பத்து சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு என்று எழுதச் சொல். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் உன்னிடமே இருக்கட்டும். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது, அதுதான் உண்மையில் கழுத்தை அறுக்கும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் அச்சகத்தை நெருக்குவார்கள். நவம்பர் கடைசியில் பக்கம் கட்டிய பிடிஎஃப் வரும், "நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்ற குறிப்போடு. இரண்டு வாரம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவை. பழைய எழுத்துருவில் அடித்த கதைகளை யூனிகோடுக்கு மாற்றும்போது மேற்கோள் குறிகள் காணாமல் போகும். உரையாடல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அக்கறையுள்ள மெய்ப்பு திருத்துநர். உன் பாட்டி பாத்திரம் "போயிருச்சு" என்றால் அவர் "போயிற்று" ஆக்கிவிடுவார், பாட்டி திடீரென்று தமிழாசிரியை ஆகிவிடுவாள். நீ பயன்படுத்தும் வட்டாரச் சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி, "இவற்றைத் தொட வேண்டாம்" என்று கோப்போடு அனுப்பு. ஒற்றுப் பிழைகளை மட்டும் அவர் விருப்பத்துக்கு விட்டுவிடு. அதில் உன்னைவிட அவர் தேர்ந்தவர்.

புத்தகம் வந்ததும் இரண்டு வாரம் முகநூலில் வாழ்த்து மழை பெய்யும். அட்டையைப் பிடித்தபடி படங்கள். பிறகு சத்தமே இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் பலர் எழுதுவதையே விட்டுவிடுவது இங்கேதான். காரணம் சாதாரணமானது. காட்சியில் பை நிறைய வாங்கியவர் அதைப் படித்து முடிக்க மாதங்கள் ஆகும், உன் புத்தகம் அந்த அடுக்கில் எந்த இடத்தில் இருக்கிறதோ. அந்த மௌனத்தைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டுவிடாதே. மெய்ப்பை அனுப்பிய மறுநாளே அடுத்த கதையில் நாலு பக்கமாவது எழுதிவை. பாதியில் நிற்கும் கதை ஒன்று மேசையில் இருந்தால் விமர்சனம் வந்ததா என்று மணிக்கொருதரம் தேட மாட்டாய்.

விருதுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரை உள்ளவர்களுக்கு, தொகை 50,000 ரூபாய். கிடைத்தால் வாங்கிக்கொள். அதற்காகத் தொகுப்பை அவசரப்படுத்தாதே.

ஒப்பந்த நகல் வந்ததும், கையெழுத்துப் போடும் முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: ஐந்தாவது கதையில் தாசில்தார் வயது நிறைந்து ஓய்வு பெறுகிறார். இரண்டு பக்கம் முன்னால் அவருக்கு 52 என்கிறாய். கதை 2015இல் நடக்கிறது, அப்போது தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58. பக்கம் கட்டுவதற்கு முன் மாற்றிவிடு.