சோழிக்கு நேர்ந்த கதி

வேலூர்,
19.01.2025

அன்புள்ள குள்ளி,

உன் பார்சல் பொங்கல் முடிந்து வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உள்ள கூழாங்கல்லா?" என்றார். தூத்துக்குடியிலிருந்து வருகிறதென்று சொன்னதும் உப்பா என்று கேட்டார். மக்ரூனில் பாதி பொடியாகிவிட்டது. பொடியையும் நாங்கள் விடவில்லை, ஸ்பூன் போட்டுத் தின்றோம். சங்கு ஒன்றுகூட உடையவில்லை. ஊசி மாதிரி நீளமாக முறுக்கிக்கொண்டு போகிறதே, அதை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பொத்தான் அளவில் இருந்த பொடிச் சங்குகளை எண்ணினேன், 63. இத்தனையையும் குனிந்து பொறுக்கியிருக்கிறாயே, உன் இடுப்பு வலியெல்லாம் வெறும் பேச்சுதானா?

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே எழுத வராது. கல்யாணமாகி முதல்முறை ஊருக்கு வந்தபோது, 1987-இல், ஒரு புள்ளிச் சோழி கொடுத்தாயே. கோழிமுட்டை அளவில், பழுப்புப் புள்ளிகளோடு, எண்ணெய் தடவிய மாதிரி பளபளவென்று இருந்ததே, அதைக் கெடுத்துவிட்டேன். என் கையாலேயே.

நடந்தது இதுதான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஹாலில் பிளைவுட்டில் ஷோகேஸ் செய்தோம். நீ இத்தனை வருஷமாக அனுப்பிய சங்கு, சிப்பி, சோழி எல்லாவற்றையும் அதில் அடுக்கிக் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினேன். தூசி அண்டாதே என்று எனக்குப் பெருமை. போன கார்த்திகையில் துடைக்கலாமென்று திறந்தால், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பூச்சு. தொட்டால் விபூதி மாதிரி விரலில் ஒட்டுகிறது. பூஞ்சை என்று நினைத்தேன். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வினிகரில் ஊறவைத்தால் சங்கு புதுசாகும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றிச் சோழியைப் போட்டேன். சுற்றிலும் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. அழுக்கு விடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து எடுத்தால் பளபளப்பு எங்கே? ஒரு பக்கம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டது. புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் பனிக்குள் இருப்பது மாதிரி மங்கிக் கிடக்கின்றன.

எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவர். பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வந்து பார்த்துவிட்டு, "கால்சியம் கார்பனேட்டை அமிலத்தில் போட்டால் என்ன ஆகும்? ஒன்பதாம் கிளாஸ் பையன்கூடச் சொல்வானே" என்றார். அந்தக் குமிழிகளெல்லாம் சோழி கரைந்து கிளம்பிய வாயுவாம். அவரைக் கேட்டிருக்கலாம்தான். முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்காமலே குடித்தனம் நடத்திப் பழகிவிட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அந்த வெள்ளைப் பூச்சு பூஞ்சையே இல்லையாம். மரம், பிளைவுட், அட்டைப் பெட்டி எல்லாம் உள்ளுக்குள்ளே அமில ஆவி விடுகின்றன. மூடிய அலமாரியில் அது வெளியே போக வழியில்லாமல் சங்கைத் தின்கிறது. பைன் என்ற ஆங்கிலேயர் 1899-இல் இதைக் கிருமியால் வரும் வியாதி என்று எழுதியிருக்கிறார். கிருமி இல்லையென்று பிற்பாடு தெரிந்தும் 'பைன் வியாதி' என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. ஆக, நான் அலமாரிக்குள் மெதுவாகச் செய்துகொண்டிருந்ததைத்தான் கிண்ணத்தில் அவசரமாகச் செய்து முடித்திருக்கிறேன். உன் வீட்டில் தேக்கு பீரோவில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, இன்றைக்கே வெளியே எடு. கண்ணாடி பாட்டில், டின், எது கிடைக்கிறதோ அதில் போடு. வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலை ஒரு சொட்டு துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வந்துவிடும்.

சோழி மட்டும் ஏன் அப்படி மினுங்குகிறது என்று தெரியுமா? உயிரோடு இருக்கும்போது உள்ளே இருக்கும் பூச்சி தன் சதையை வெளியே நீட்டி இரண்டு பக்கமும் ஓட்டின் மேல் போர்த்திக்கொள்கிறது. ஓடு கடலடியில் கிடந்தாலும் மண்ணோ பாசியோ நேராகப் படுவது குறைவு. மேலுக்குமேல் பூச்சும் அந்தச் சதையே போடுகிறது. அது ஆயுசெல்லாம் பூசிப் பூசி வைத்ததை நான் அரைமணியில் கரைத்துவிட்டேன் என்பதுதான் மனசை அறுக்கிறது.

சரி, இனி அழுது பிரயோஜனமில்லை. அதற்கு ஒரு பை பின்னலாமென்று குரோஷா ஊசியை, அதுதான் நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசியை, கையில் எடுத்தேன். சோழிக்குப் போடுவது விசிறி மாதிரி விரியும் சிப்பிப் பின்னலாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. நெட்டில் ஒரு பேட்டர்ன் கிடைத்தது. இரண்டு கண்ணி விட்டு, மூன்றாவது கண்ணியில் டபுள் என்கிற பின்னல் 5, மறுபடி இரண்டு விட்டு ஒரு சின்னப் பின்னல். நம் கைவேலை டீச்சர் சொல்லிக் கொடுத்த டபுளையே போட்டேன். மூன்று வரிசை போட்டும் சிப்பி விரியவே இல்லை. பருப்பு உருண்டை மாதிரி முட்டுமுட்டாக நிற்கிறது. பிரித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி உருண்டை. ஊசி சரியில்லை என்று 2.5 மி.மீ. ஊசியை வைத்துவிட்டு 3 மி.மீ. ஊசியை எடுத்தேன். நூல் சரியில்லை என்று லாங்கு பஜார் வரை போய் வேறு நூல்கண்டு வாங்கி வந்தேன். உருண்டை கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான்.

கடைசியில் பேத்திதான் கண்டுபிடித்தாள். நமக்கு டீச்சர் சொல்லித் தந்தது இங்கிலாந்துக் கணக்கு. நெட்டில் இருப்பது அமெரிக்கக் கணக்கு. அவர்கள் சிங்கிள் என்பது நமக்கு டபுள். அவர்கள் டபுள் என்பது நமக்கு ட்ரெபிள். ஒரே பேர், ஆனால் ஒரு படி தள்ளி நிற்கிறது. ஊசியில் ஒரு சுற்று நூல் சுற்றி ட்ரெபிளாகப் போட்டேன் பார், ஐந்து காலும் ஒரே கண்ணியில் ஊன்றி விசிறி மாதிரி விரிந்தது. அந்த நிமிஷம் நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் நீதான் முதலில் சிப்பி போட்டாய், எனக்கு வரவில்லையென்று நான் உன் நூலை அறுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் இரண்டு பேரையும் வராந்தாவில் நிற்க வைத்தார்.

கட்டைவிரல் வலி இருக்கத்தான் செய்கிறது. ஊசியின் நடுவில் பழைய சைக்கிள் ட்யூபை நாடா மாதிரி வெட்டிச் சுற்றி வைத்திருக்கிறேன். பிடி தடிமனானதில் வலி பாதி குறைந்தது. பார்க்க அசிங்கம். நீயும் செய்து பார்.

அந்த ஊசிச் சங்கை மேசை மேல் வைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னேனே, அதைச் சொல்கிறேன். பூப்போட்ட டேபிள் கிளாத்தை நாம் எப்படி ஆரம்பிப்போம்? நடுவில் ஒரு வளையம், அதில் 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. சுற்றுக்கு ஆறு கூட்டினால்தான் தட்டையாகப் படியும். குறைத்தால் கிண்ணமாகக் குழியும், ஏற்றினால் கொசுவம் மாதிரி சுருண்டு எழும்பும். சங்கும் ஓரத்தில் கூட்டிக் கூட்டித்தான் வளர்கிறது. வாய்ப்பக்கம் இருப்பது புதுசு. ஊசி முனையில் கடுகு மாதிரி இருக்கிறதே, அது குஞ்சாக இருந்தபோது கட்டியது. தன் குழந்தைப் பருவத்தை நுனியில் வைத்துக்கொண்டேதான் அது ஆயுசு முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குரோஷாவில் எத்தனை சுற்றுப் போனாலும் உயிரோடு இருப்பது ஊசியில் மாட்டியிருக்கும் ஒரே ஒரு கண்ணிதான். அதை உருவிவிட்டு நூலை இழுத்தால் விறுவிறுவென்று முதல் வளையம் வரை பிரிந்துவிடும். சங்குக்கு அந்த வசதி கிடையாது. எனக்கு அது தெரியாமல் போயிற்று. பிரித்துப் போடலாம் என்கிற தைரியத்தில் வினிகரை ஊற்றிவிட்டேன்.

கொசுவம் மாதிரி என்றதும் ஞாபகம் வருகிறது. அதை வைத்துக் கணக்கே போட்டிருக்கிறார்கள்! டாய்னா டைமினா என்ற லாட்வியக் கணிதப் பேராசிரியை, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1997-இல் ஏதோ வளைந்த வெளியைப் பற்றிய கணக்கைக் காட்டுவதற்குக் குரோஷாவில் பின்னிக் காட்டினாராம். இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று விடாமல் கூட்டிக்கொண்டே போனால் விளிம்பு பவளப்பாறை மாதிரி சுருண்டுகொள்கிறது. அதைப் பார்த்து வெர்தைம் என்று அக்கா தங்கை இருவர் 2005-லிருந்து ஒரு பவளப்பாறையையே நூலில் பின்னத் தொடங்கி, ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்துகொண்டார்களாம். பேத்தி படம் காட்டினாள். நானும் மிச்ச நூலில் ஒன்று போட்டேன். வீட்டுக்காரர் அதை முட்டைக்கோஸ் என்கிறார். நீ மன்னார் வளைகுடா பக்கத்திலேயே இருக்கிறாய், நிஜப் பவளம் எப்படி இருக்கும் என்று சொல். பார்த்து எழுது, எடுத்து அனுப்பாதே!

அது சரி, ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் தலைக்கவசம் மாதிரி பெரிய சங்கு விலைக்கு இருக்கிறது, உனக்கு வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாயே. வேண்டாம் தாயே. அந்தக் கொம்புள்ள பெரிய சங்கு, நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி இப்படி 24 வகையை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். புலியைப் பிடித்து ஹாலில் நிறுத்துகிற கதைதான். அதோடு, கடையில் கண்ணாடி மாதிரி மின்னுவதெல்லாம் அலை ஒதுக்கியதாக இருக்காது, உயிரோடு எடுத்து வேகவைத்ததாகவும் இருக்கலாம். முத்துநகர் கடற்கரையில் காலையில் நீ பொறுக்கும் காலி ஓடு எனக்குப் போதும். அதிலும் கொஞ்சம் விட்டுவிட்டு வா. உன் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த சங்கு ராத்திரி சமையலறையில் நடந்ததாக எழுதியிருந்தாயே, படித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தேன். உள்ளே குடியிருந்தது நண்டு. அந்த மாதிரி நண்டுக்கெல்லாம் காலிச் சங்குதான் வாடகை வீடாம். கூம்பு மாதிரி வழவழவென்று இருக்கும் சங்கு மட்டும் உயிரோடு கண்ணில் பட்டால் தொடாதே. அதில் சிலது விஷ ஊசி போடும். ஆளே போய்விடலாம். அந்த விஷத்தைப் பார்த்தே கடுமையான வலிக்கு ஒரு மருந்து செய்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

எனக்குக் கடல் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போகவேண்டும், 140 கிலோமீட்டர். சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்களே, கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரராகத் திரும்பி வந்தார், நாம் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தோம். ஆற்றில் தண்ணீர் 2021 நவம்பரில் ஒரேயடியாக வந்தது. வெள்ளம் வடிந்ததும் பாலாற்று மணலில் போய் மட்டி ஓடு நான்கு பொறுக்கினேன். வெளியே சேற்று நிறம். உள்ளே திருப்பினால் முத்து மாதிரி ஊதாவும் பச்சையும் ஓடுகிறது. கடல் சிப்பிக்கு இது குறைந்ததில்லை என்று வைத்துக்கொள். ஒன்றை உனக்கு அனுப்புகிறேன்.

இந்தப் பார்சலில் சோழி வருகிறது. நான் வைத்துக்கொள்ள மனசில்லை. மங்கின பக்கத்தை நீயும் ஒருதரம் பார்த்துவிட்டுத் திட்டி எழுது. வெள்ளை நூலில் பின்னிய பை அதற்கு. வாய்க்கு முறுக்குக் கயிறு போட்டிருக்கிறேன். ஒரு வரிசையில் மட்டும் சிப்பிக்கு நாலு கால் இருக்கும், டிவி பார்த்துக்கொண்டே போட்டதில் விட்டுப்போயிற்று, முடித்தபிறகுதான் பார்த்தேன், பிரிக்கவில்லை. முள்ளுக் கத்திரிக்காய் அரைக்கிலோ வைக்கலாமென்று பார்த்தேன், போய்ச் சேர்வதற்குள் சொத்தையாகிவிடும் என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். நேரில் வந்து தின்று போ.

உன் ஜாக்கெட் கழுத்துக்கு லேஸ் கேட்டாயே, சுற்றளவு எவ்வளவு என்று எழுதாமலே விட்டாய். டேப் வைத்து அளந்து எழுது. சாண் கணக்கு வேண்டாம், உன் சாண் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் நெட்டை

பி.கு.: மக்ரூன் டின்னைத் திருப்பி அனுப்பவில்லை. 63 பொத்தான் சங்கும் இப்போது அதில்தான் இருக்கின்றன.