பைக்கு ஓர் ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை, அதனால்தான் குற்றாலத்துக்கு நாங்கள் வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று சம்பந்தியிடம் சொல். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். நீ "சரிப்பா, சரிப்பா" என்றபடியே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். மருமகளும் படிக்கட்டும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாகிவிட்டதாக உன் பெரியவன் சொன்னான். உங்கள் நாலு பேரோடு சம்பந்தி இருவர், உன் மச்சினன், அவன் வீட்டுக்காரி. எட்டுப் பேர் என்றால் எப்படியும் பத்துப் பன்னிரண்டு பை வரும். டி.டி.ஆராகச் சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்லீப்பர் கோச்சில் நடந்தே வயதானவன் சொல்கிறேன், தனியாளிடம் திருடுவது கஷ்டம், குடும்பத்திடம் லேசு. தனியாள் தன் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு தூக்கத்திலும் ஒரு கண் வைத்திருப்பான். குடும்பத்தில் எல்லாப் பையும் எல்லாருக்கும் சொந்தம். ஆகவே எதையும் யாரும் பார்ப்பதில்லை.

ஒருமுறை கல்யாணத்துக்குப் போகும் கூட்டம் ஒன்று என் கோச்சில் ஏறியது. நடுராத்திரி, விருத்தாசலம். அந்தக் கூட்டத்து மாப்பிள்ளை ஒருவர் காற்றுக்காகக் கதவருகே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஒருவன் பெரிய டிராலியை இழுத்துக்கொண்டு வந்து, "சார், கொஞ்சம் பிடிங்க" என்றான். மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்து இறக்கியும் விட்டார். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். திண்டுக்கல் தாண்டியபோது ஒரே அழுகை. கொழுந்தியாளின் பட்டுப்புடவைப் பெட்டி அது. சொந்தக்காரப் பெட்டியை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது அவர் கட்டிய பெட்டி இல்லை, அவர் தூக்கிவந்த பெட்டியும் இல்லை.

அதனால் கிளம்பும் முன்னாலேயே பையைப் பங்கு போட்டுவிடு. இந்தப் பை மச்சினனுக்கு, இது உனக்கு, மாத்திரைப் பை சம்பந்தி அம்மாவுக்கு என்று பைக்கு ஓர் ஆள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்டோவில் வைக்கும்போதும் அவரவர் பைக்கு அவரவர் பதில் சொல்லவேண்டும். பெரியவனுக்கும் ஒரு சின்னப் பை கொடு. பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் காவல் காக்கும். பை எண்ணிக்கையையும் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுச்சோற்றுப் பையும் கணக்கில் சேர்த்தி.

கீழ் பெர்த்துக்கு அடியில் வளையம் இருக்கும், சங்கிலியை அதில் மாட்டு. எழும்பூரிலேயே மாட்டிவிடு, செங்கல்பட்டு வரட்டும் என்று இருக்காதே. ஜிப்பில் போடும் குட்டிப்பூட்டை நம்பாதே. பால்பாயின்ட் பேனா முனையால் ஜிப்பின் நடுவில் குத்தினால் பல் விலகித் திறந்துகொள்ளும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டோடு சேர்த்து ஜிப்பை ஒரு இழுப்பு இழுத்தால் பழையபடி மூடிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். பணம், போன், டிக்கெட் எதுவும் டிராலிக்குள் போகவேண்டாம்.

ஜன்னலோரம் படுக்கிறவர் தலையை ஜன்னல் பக்கம் வைக்கவேண்டாம், முக்கியமாகச் சங்கிலி போட்டிருப்பவர்கள். பறிக்கிறவன் வண்டி நிற்கும்போது வரமாட்டான். கிளம்பி மெதுவாக நகரும்போதுதான் கை உள்ளே வரும். அப்போது யாராலும் இறங்கித் துரத்த முடியாது. ராத்திரி ஷட்டரை இறக்கிவிடுங்கள். சார்ஜரில் போனை மாட்டிவிட்டுத் தூங்குவது இந்தக் காலத்துப் பழக்கம். பவர் பேங்க் வாங்கிக்கொள், போன் தலையணைக்குள்ளேயே கிடக்கட்டும். பக்கத்து சீட்காரர் தரும் பிஸ்கட் பற்றிப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லியிருப்பாய்.

களவு போனால் ரயில்வே கொடுத்துவிடும் என்று சம்பந்தி நினைத்துக்கொண்டிருப்பார். 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? புக் பண்ணி ரசீது வாங்கிய சாமானுக்குத்தான் ரயில்வே பொறுப்பு. நீ உன்னோடு வைத்திருக்கும் பெட்டி போனால், ரயில்வேயின் கவனக்குறைவால்தான் போனது என்று நீ நிரூபிக்கவேண்டும். இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த லட்ச ரூபாயை ரயிலில் பறிகொடுத்த ஒருவர் நுகர்வோர் மன்றங்களில் ஜெயித்தார். 2023-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பயணி தன் பொருளைக் காக்கத் தவறினால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று தீர்ப்பு. கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஒரு ராத்திரிக்கு மூன்று கோச் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

எதுவும் போய்விட்டால் பாதி வழியில் இறங்கிப் போலீஸ் ஸ்டேஷன் தேடாதே. டி.டி.ஆரிடமோ கார்டிடமோ எஸ்கார்ட் போலீஸிடமோ எஃப்.ஐ.ஆர். படிவம் கேட்டு வாங்கு. எழுதிக் கொடுத்தால் ரயில்வே போலீஸுக்கு அவர்கள் சேர்ப்பித்துவிடுவார்கள், உன் பயணம் கெடாது. ரயில்வே உதவி எண் 139-க்கும் அடித்துச் சொல். எல்லார் போனிலும் *#06# அழுத்தி, வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, ஒரு தாளில் எழுதிவை. தாளில்! போன் தொலைந்த பிறகு போனுக்குள் இருக்கும் நம்பர் எதற்கு ஆகும்? போன் போனால் முதலில் சிம்மை முடக்கு, அடுத்து வங்கிக்குச் சொல். பணம் எடுத்துவிட்டார்கள் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. போலீஸ் புகார் நகல் கையில் இருந்தால் அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்தப் போனையே முடக்கிவிடலாம்.

இனி குற்றாலம். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், ஐந்தருவியிலும் அப்படித்தான். குடும்பம் அங்கே இரண்டாகப் பிரியும். பை அவளிடம் இருக்கிறது என்று நீயும், உன்னிடம் இருக்கிறது என்று அவளும் நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் அருவிக்குள் நிற்பீர்கள். இரண்டு பக்கத்திலும் நனையாத ஆள் ஒருவர் கரையில் இருக்கவேண்டும். முறை வைத்துக் குளியுங்கள். சம்பந்தியை உட்காரவைக்கலாம், ஆனால் தென்காசிக்காரர் ஒருவர் பேச்சுக்குக் கிடைத்துவிட்டால் அவருக்குப் பை நினைவு இருக்காது. அவர் முதலில் குளித்துவிட்டு வரட்டும். பணம் மொத்தத்தையும் அருவிக்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். வேனில் வைத்துவிட்டுப் போகலாம் என்றும் நினைக்காதே. டிரைவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் அவரும் டீ குடிக்கப் போவார் அல்லவா.

எண்ணெய் தேய்த்த விரலில் மோதிரம் நிற்காது. அந்தத் தண்ணீர் தலையில் விழும் வேகத்தில் தோட்டின் திருகாணி கழன்றாலும் தெரியாது, சங்கிலி அறுந்தாலும் தெரியாது. அதில் திருடனைத் திட்டி என்ன பயன்? அம்மா வெளியூர் போகும்போது தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வாள், மற்றதெல்லாம் கவரிங். மருமகளிடம் மாமனார் இதைச் சொன்னால் நன்றாக இருக்காது, அம்மாவே போனில் பேசுவாள். பாப்பாவின் காப்பையும் செயினையும் மட்டும் நானே கண்டிப்பாகச் சொல்கிறேன், கழற்றிவிடுங்கள். கூட்டத்தில் குழந்தை மேல் தங்கம் இருப்பது நகைக்கு ஆபத்து என்பதைவிடக் குழந்தைக்கு ஆபத்து.

அங்கே இன்னொரு கூட்டம் உண்டு, குரங்கு. காட்டேஜ் ஜன்னலைத் திறந்துவைத்தால் எண்ணெய் பாட்டில், பழம், கைப்பை எல்லாம் ஓட்டுமேல் போய்விடும். அதற்கு எஃப்.ஐ.ஆர். படிவம் கிடையாது.

நகையை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை பீரோ மேலேயே வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. வேண்டாம், பேங்க் லாக்கரில் வை. உள்ளே என்ன இருக்கிறது என்று பேங்குக்குத் தெரியாது, அதனால் போட்டோவும் ரசீதும் நீயே வைத்துக்கொள். 2022 ஜனவரி 1 முதல் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்றால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. வாடகை 2,000 என்றால் 2 லட்சம். இன்றைய விலைக்கு அது எத்தனை பவுன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இருந்தாலும் பூட்டிய வீட்டைவிட அது மேல்.

பால், பேப்பர் இரண்டையும் நிறுத்திவிடு. வாசலில் மூன்று நாள் கோலம் இல்லை என்றாலே தெரு முழுக்கத் தெரிந்துவிடும், எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு இழை போட்டுவிடச் சொல். பகலிலும் எரியும் வாசல் விளக்கு ஆள் இல்லை என்று விளம்பரம் செய்யும். காவல் நிலையத்தில் போகும் தேதி, வரும் தேதி எழுதிக் கொடுத்தால் ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். சாவி செருப்பு ஸ்டாண்டிலும் வேண்டாம், மீட்டர் பெட்டியிலும் வேண்டாம். அருவி போட்டோக்களைத் திரும்பி வந்தபின் ஸ்டேட்டஸில் போடச் சொல், மச்சினனையும் சேர்த்துத்தான்.

வண்டி மதுரைக்கு வரும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். நான் பிளாட்பாரத்துக்கு வருகிறேன். அம்மா இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டித் தருகிறாள். நீ மட்டும் கதவுக்கு வந்தால் போதும், பிள்ளைகளை எழுப்பாதே. இறங்குகிறவர்கள் நெரிசலில் அப்போது கோச் கலகலத்துக் கிடக்கும். மச்சினனை எழுப்பி உட்காரவைத்துவிட்டு வா. சார்ட் ஆனதும் கோச் நம்பர் அனுப்பு.

அன்புடன்,
அப்பா