பினாங்கிலிருந்து அக்காவுக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து ஆடியே முடிந்துவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாம் சௌகரியம்தான். லெபோ பாசார் பக்கம் போனால் முருங்கைக்காயிலிருந்து மல்லிகைச் சரம்வரை கிடைக்கும். மழைதான் கணக்கில்லாமல் பெய்கிறது.

கொலு ஆர்டருக்குச் செய்கிற மரப்பாச்சித் தலைப்பாகை தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றாயே, செல்வி துணியை நேராக வெட்டியிருப்பாள். கிராஸில், அதாவது மூலைவாக்கில், வெட்டச் சொல். நேர்த்துணி மண்டை வளைவுக்குப் படியாது. 9 அங்குல பொம்மைக்கு ஒன்றரை அங்குல அகலம், 18 அங்குல நீளம் போதும். மரத்தின் மேலேயே சுற்றவும் கூடாது. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை மூன்று அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் குல்லாய் மாதிரி கழற்றி, அதன்மேல்தான் சுற்ற வேண்டும். பசையில் துளி மயில்துத்தம் போடு, பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. விஷம், குட்டிப்பயல் கைக்கு எட்டாமல் வை.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு விசித்திரம். எதிரே பார்த்தால் சிரிக்க மாட்டாள், ஆனால் கதவில் கூவே என்கிற மலாய்ப் பலகாரப் பொட்டலம் தொங்கும். போன வாரம் பேத்தியின் பொம்மையை நீட்டி விளிம்பு வைத்த தொப்பி கேட்டாள். முடியோடு தலைச் சுற்றளவு 11 அங்குலம். 7ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால் குறுக்களவு மூன்றரை. உச்சி வட்டம் 4 அங்குலம், பக்கப் பட்டை 12 அங்குல நீளம், இரண்டிலும் தையலுக்கு விட்டது சேர்த்தி. விளிம்பில்தான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். நடு ஓட்டையை மூன்றரைக்கே வெட்டினால், தையல் கால் அங்குலம் தள்ளி விழுந்து ஓட்டை நாலாகிவிடும்; தொப்பி கண்ணை மறைக்கும். 3 அங்குலத்துக்கு வெட்டி, தையல் கோடுவரை அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டாகக் கத்தரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் விழும். உள்ளே காலர் கேன்வாஸ் (சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணி) வைத்தால் விளிம்பு தொங்காது. செல்விக்கு இதைப் படித்துக் காட்டு, டவுனில் இப்படித் தொப்பிக்கும் ஆள் கேட்பார்கள்.

இங்கே மகாமாரியம்மன் கோயிலில் விஜயதசமிக்கு ரதம் புறப்படும். கூட்டத்தோடு போய்ப் பார்ப்பேன், வேறென்ன. நம் வீட்டில் இந்த வருஷம் படி யார் கட்டுகிறார்கள், அக்கா? அம்மாவுக்கு முட்டி வலி, ஏறவிடாதே. சுண்டல் வாசனை நினைத்தாலே போதும், சோறு இறங்குவதில்லை.

போகட்டும். இந்த மாசப் பணம் கொஞ்சம் பிந்தும், கடையில் சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்கள், வேறொன்றும் இல்லை. அதுவரை வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டிவை, மறு அடகு வேண்டாம். அம்மாவின் மரப்பாச்சி ஜோடியைச் சித்தி கேட்டால் கொடுக்காதே, அது செல்வி கல்யாணத்துக்கு. தையல் மெஷினை விற்கலாம் என்று பெரிய மாமா சொன்னாராம். பெல்ட் மாற்றினால் ஓடும் என்று சொல், விற்கக் கூடாது. கொல்லைச் சுவர் விஷயம் என்ன ஆயிற்று? பஞ்சாயத்தில் என்ன பேசினார்கள் என்று விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை